தோலிலும் தந்தியிலும் கணக்குக் கண்ட இராமன்

சத்தத்திற்குப் பஞ்சமில்லாத ஊர்கள் நம்முடையவை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் வெடியின் பெயர் சொல்லாமல் பேச்சு முடிவதில்லை. விருதுநகரில் பங்குனிப் பொங்கல் வந்துவிட்டால் தவிலும் உறுமியும் தெருவையே அதிரச் செய்யும். இவற்றின் நடுவே வளரும் நமக்குச் சத்தம் வேறு, நாதம் வேறு என்று ஒருவர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. வெடி காற்றை ஒருமுறை ஓங்கி அறைந்துவிட்டு அடங்கிவிடுகிறது. வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று 1999இல் அதற்கு வேலியும் போட்டாகிவிட்டது. ஆனால் மிருதங்கத்தில் விழும் ஒரு விரலடி காதுக்கு இனிக்கிறது. தம்பூராவின் சுருதியோடு போய் ஒட்டிக்கொள்கிறது. இரண்டுமே அடிதானே? ஒன்று இரைச்சலாகவும் மற்றொன்று இசையாகவும் ஆவதேன்?

இக்கேள்விக்கு விடை கண்டவர் நம் தமிழ்நாட்டில் பிறந்த சர் சந்திரசேகர வேங்கட இராமன். ஒளியைப் பற்றிய கண்டுபிடிப்புக்காக நோபல் பரிசு பெற்றவர் என்பதைத் தோழியர் அனைவரும் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதற்கு முன்பே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் தந்தியையும் தோலையும் கட்டிக்கொண்டு உழைத்தார் என்பதைப் பலர் அறியார். அந்த இராமனைப் பற்றியே இம்மலரில் எழுத விரும்பினோம்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர், தாயார் பார்வதி அம்மாள். தந்தையார் கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர், இசையிலும் ஈடுபாடுள்ளவர். அவருக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் வேலை கிடைத்ததால் குடும்பம் அங்கே சென்றது. சிறுவன் இராமன் படித்தது அவ்வூரின் புனித அலோசியஸ் பள்ளியில். பதினொரு வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேறிவிட்டார் என்றால் நம்பக் கடினமாகத்தான் இருக்கும்! பின்னர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்து, 1904இல் பி.ஏ. தேர்வில் முதலாவதாகத் தேறிப் பௌதிகத்தில் தங்கப் பதக்கம் பெற்றார். 1907இல் எம்.ஏ. முடித்தார். அதற்குள், தம் பதினெட்டாம் வயதிலேயே, இலண்டனின் தத்துவ விஞ்ஞான ஏடு ஒன்றில் அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை வந்துவிட்டது.

தம்மை உருவாக்கிய நூல்கள் என்று அவர் பிற்காலத்தில் மூன்றைக் குறிப்பிட்டதுண்டு. எட்வின் ஆர்னால்டு புத்தர் பெருமானைப் பற்றி எழுதிய காவியம், யூக்ளிடின் வடிவியல் ஆகிய இரண்டும் அவற்றுள் அடங்கும். மூன்றாவது, ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இசை ஒலியின் உணர்வு பற்றி எழுதிய பெருநூல். யாழையும் வயலினையும் விஞ்ஞானச் சாலைக்குள் கொண்டுவரலாம் என்ற துணிவை இளைஞர் இராமனுக்குத் தந்தது இந்த மூன்றாம் நூல்தான்.

நம் நாட்டில் அந்நாளில் விஞ்ஞானம் படித்தவருக்கு விஞ்ஞான வேலை கிடையாது. ஆகவே நிதித்துறைத் தேர்வு எழுதினார், அதிலும் முதலிடம். 1907ஆம் ஆண்டு மே மாதம் வீணை வாசிக்கத் தெரிந்த லோகசுந்தரி அம்மாளை மணந்துகொண்டார். அதே ஆண்டு நடுவில் இருவரும் கல்கத்தா சென்றனர். பதினெட்டு வயதில் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரல்! வேறொருவராயிருந்தால் அத்துடன் நிறைவடைந்திருப்பார்.

கல்கத்தாவில் பௌபஜார் வீதி 210ஆம் எண் கட்டடத்தில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் இருந்தது. மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவியது. ஆராய்ச்சி செய்வோர் இன்றி ஏறக்குறைய உறங்கிக் கிடந்தது. அலுவலகம் போகும் முன்னும் அலுவலகம் விட்ட பின்னும் இராமன் அங்கே ஆராய்ச்சி செய்யலானார். பகலில் அரசாங்கக் கணக்கு, காலையும் மாலையும் அதிர்வுக் கணக்கு! ஆசுதோஷ் தே என்ற உதவியாளர் அவருக்குத் துணை. நடுவில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல் வந்தபோதும் அவர் கை சும்மா இருக்கவில்லை. வங்காளத்துப் பாடகர் கையில் ஏந்தும் ஒற்றைத் தந்தி ஏக்தாராவைப் பற்றி 1909இலேயே ஒரு கட்டுரை எழுதினார். பிச்சை கேட்டுப் பாடுகிறவர் கையிலுள்ள கருவியும் பௌதிகத்துக்கு உரியதே என்று எண்ணிய உள்ளம் நம்மை மிகவும் கவர்கிறது.

இங்கே சற்று நின்று, அதிர்வு என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடுவோம். பிளஸ் ஒன் வகுப்பில் தனிச்சீரிசை இயக்கம் என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கு நடுக்கம் எடுக்கிறது. பெயர்தான் பெரிது, பொருள் எளிது. ஒரு பொருளை அதன் நடுநிலையிலிருந்து விலக்குகிறோம். எவ்வளவு தூரம் விலக்குகிறோமோ அதே விகிதத்தில் ஒரு விசை அதை நடுவுக்கே இழுக்கிறது. இருமடங்கு விலக்கினால் இருமடங்கு இழுக்கும். திரும்பி வரும் பொருள் வந்த வேகத்தில் நடுவில் நிற்க முடியாமல் மறுபக்கம் போய்விடுகிறது, மீண்டும் இழுக்கப்படுகிறது. இதில் அழகு என்னவென்றால், அதிகம் விலக்கினாலும் கொஞ்சம் விலக்கினாலும் ஒரு முறை போய்வர ஆகும் நேரம் மாறுவதில்லை. தூரம் கூடினால் வேகமும் கூடி ஈடுகட்டிவிடுகிறது. வீணைத் தந்தியை மெல்ல மீட்டினாலும் அழுத்தி மீட்டினாலும் அதே சுரம் கேட்பது இதனால்தான். ஓசையின் அளவு மாறும், சுரம் மாறாது.

ஊஞ்சலும் சிறு வீச்சில் இப்படித்தான் ஆடுகிறது. ஊஞ்சலில் நின்றுகொண்டு, யாரும் தள்ளாமலே, உட்கார்ந்து எழுந்து வேகம் ஏற்றும் வித்தை நம்மில் பலருக்குத் தெரியும். ஊஞ்சல் ஒரு முறை போய்வருவதற்குள் நாம் இருமுறை எழுந்து உட்காருகிறோம். தள்ளும் அதிர்வு இரண்டு, ஆடும் அதிர்வு ஒன்று. இசைக்கவையில் ஒரு நூலைக் கட்டி, நூலின் நீளவாக்கிலேயே இழுத்து விட்டால் அந்த நூலும் இவ்வாறே கவையின் அதிர்வெண்ணில் பாதியில் ஆடும். மெல்டே என்பவர் காட்டிய சோதனை இது. இராமன் இதையே எடுத்துக்கொண்டு மேலே போனார். பாதி மட்டுமல்ல, பாதியின் இருமடங்கு, மும்மடங்கு என்று வேறு அதிர்வெண்களிலும் நூலை ஆட வைக்கலாம் என்று காட்டி 1912இல் வெளியிட்டார். ஊஞ்சலைப் போன்ற இச்சிறிய செய்தியிலிருந்தே அவருடைய பெரிய வேலைகள் கிளம்பின.

1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. கொழுத்த சம்பளமும் மேலும் உயரும் வாய்ப்பும் இருந்த அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டுக் குறைந்த சம்பளத்துக்குப் போனார். அப்பதவிக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. பயிற்சிக்காகப் போக மாட்டேன் என்று இராமன் மறுத்துவிட்டார். துணைவேந்தராயிருந்த ஆசுதோஷ் முகர்ஜி அவருக்காக விதியைத் தளர்த்தினார். லோகசுந்தரி அம்மாளின் மனத்தில் அன்று என்ன ஓடியிருக்கும் என்று எந்த வரலாற்று நூலும் விரிவாகச் சொல்லவில்லை. வீட்டுச் செலவுப் பணத்தை எண்ணிப் பார்த்தவர் அவர்தானே!

வயலினில் வில் தேய்க்கும்போது தந்தி எப்படி அதிர்கிறது என்பதை 1918இல் நீண்ட நூலாகவே எழுதினார். வில்லின் மயிர் தந்தியைப் பற்றி இழுக்கிறது, தாங்க முடியாத நிலையில் தந்தி வழுக்கி விடுபடுகிறது, மறுபடியும் பற்றப்படுகிறது. இந்தப் பற்றலும் நழுவலும் நொடிக்குச் சில நூறு முறை நடக்கின்றன. மனிதக் கை ஒரே அழுத்தத்தில் வில் போடாது என்பதால், இராமன் ஆராய்ச்சிச் சாலையில் கிடைத்த பொருள்களைக் கொண்டு வயலின் வாசிக்கும் பொறி ஒன்றைச் செய்தார். அதில் வில் அசையாது. வயலின்தான் முன்னும் பின்னும் ஓடும்! எத்தனை அழுத்தம் கொடுத்தால் நாதம் உடையாமல் வரும் என்று இப்பொறியைக் கொண்டு அளந்தார். 1927இல் ஜெர்மானியர் வெளியிட்ட பௌதிகப் பெருந்தொகுதியில் இசைக்கருவிகள் பற்றிய பகுதியை எழுதும்படி கேட்கப்பட்டவர் இவரே.

நம் வீணையும் தம்பூராவும் வயலினிலிருந்து எப்படி வேறுபடுகின்றன என்றும் பார்த்தார். ஒரு தந்தியை நடுவில் மீட்டினால், நடுவில் அசைவில்லாத மேற்சுரங்கள் எழக்கூடாது என்பது பழைய விதி. வீணையிலும் தம்பூராவிலும் அவை எழுவதை இராமன் கண்டார். காரணம் குதிரை. வயலினின் குதிரை கூரான விளிம்புடையது. வீணையின் குதிரைமேல் சற்றே வளைந்த உலோகத் தகடு இருக்கிறது. அதிரும் தந்தி அவ்வளைவின்மேல் ஒட்டியும் விலகியும் ஆடுகிறது. தம்பூராவில் குதிரைக்கும் தந்திக்கும் இடையே ஜீவா என்னும் நூலை நுழைத்து அதே பலனைப் பெறுகிறார்கள். நூலைக் கொஞ்சம் நகர்த்தினால் தம்பூரா ஊமையாகிவிடும் என்பது பாட்டு வகுப்புக்குப் போகும் தோழியருக்குத் தெரியும்.

இனி மிருதங்கம். எங்கள் எண்ணத்தில் இராமனின் ஒலி ஆராய்ச்சிகளுள் இதுவே மணிமுடி.

தந்திக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதன் அடிப்படை அதிர்வு ஒன்று என்றால் மற்ற அதிர்வுகள் அதைப்போல் 2, 3, 4, 5 மடங்கு என்று முழு எண்களில் வரும். அவை ஒன்றோடொன்று இணங்கி ஒரே சுரமாகக் கேட்கும். விறைப்பாகக் கட்டிய சாதாரணத் தோலுக்கு இக்குணம் கிடையாது. அதன் அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30, 2.65 என்று தாறுமாறாகச் செல்லும். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இக்கூட்டம் சுரமாகாது. வெறும் முழக்கமாகவே கேட்கும். எனவே தோற்கருவி தாளத்துக்கு மட்டுமே, சுருதிக்கு உதவாது என்பது மேனாட்டு நூல்களின் கருத்து. மிருதங்கத்தையும் தபலாவையும் கேட்டு வளர்ந்த இராமனால் இதை ஏற்க முடியவில்லை. 1920இல் சிவகாளி குமார் என்பவருடன் சேர்ந்து இங்கிலாந்தின் நேச்சர் இதழில் தம் மறுப்பை வெளியிட்டார். பதினான்கு ஆண்டுகள் கழித்து 1934இல் முழுமையான கட்டுரை எழுதினார்.

அவர் செய்த சோதனை நாமும் செய்து பார்க்கக் கூடியது. மிருதங்கத்தின் வலந்தலையில் நுண்ணிய மணலைத் தூவினார். பிறகு விரலால் அடித்தார். அதிரும் இடத்திலுள்ள மணல் துள்ளி ஓடி, அதிராத கோடுகளில் போய் ஒதுங்கும். அடிக்கும் இடத்தையும் விரல் தொட்டு நிற்கும் இடத்தையும் மாற்ற மாற்ற, குறுக்கே ஒரு கோடு, சிலுவைபோல் இரு கோடுகள், உள்ளே ஒரு வட்டம் என்று மணற்கோலங்கள் மாறின. ஒவ்வொரு கோலமும் ஒரு தனி அதிர்வு. முதன்மையான ஒன்பது அதிர்வுகளையும் பிடித்து அவற்றின் சுரங்களைக் கணித்தார். ஒன்பதும் ஒன்பது சுரங்களாகச் சிதறவில்லை. முதலாவது 1; அடுத்தது 2; அதற்கடுத்த இரண்டும் 3; அடுத்த இரண்டும் 4; கடைசி மூன்றும் 5. ஐந்தே படிகளில் ஒன்பதும் வந்து அமர்ந்துவிட்டன! தோல் தன் குணத்தை விட்டுத் தந்தியின் குணத்தை ஏற்றுக்கொண்டது.

இம்மாயத்தைச் செய்வது வலந்தலையின் நடுவிலுள்ள கரணை என்னும் கரிய வட்டம். கிட்டக்கல்லைப் பொடித்து, வடித்த சோற்றோடு பிசைந்து, சிறிது சிறிதாகத் தேய்த்து, மெழுகி, மறுபடி தேய்த்து, பல பூச்சுகளாக ஏற்றுவார்கள். நடுவில் தடிப்பாகவும் ஓரத்துக்கு வர வர மெல்லியதாகவும் அது அமையும். தோலின் முதல் அதிர்வில் நடுப்பகுதியே மிகுதியாக அசைகிறது. கரணையின் கனம் அதை மிகவும் மெதுவாக்கிவிடுகிறது. ஓரம் மிகுதியாக அசையும் அதிர்வுகளை அக்கனம் அவ்வளவாகத் தாக்குவதில்லை. ஆகவே முதல் அதிர்வு கீழே இறங்க, 1.59 மடங்காக இருந்தது 2 மடங்காகிறது, 2.14, 2.30 ஆகியவை 3 மடங்காகின்றன. எவ்வளவு பூச வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு அளவுகோல் கிடையாது. தட்டிப் பார்க்கும் காதுதான் அளவுகோல்.

இராமன் இச்சாதனையைப் பண்டைய இந்தியரின் ஒலியறிவுக்குச் சான்றாகப் போற்றினார். அது சரியே. ஆனாலும் இங்கு நமக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மாட்டுத் தோலையும் ஆட்டுத் தோலையும் பதம்பார்த்து, எருமைத் தோல் வாரை இழுத்துக் கட்டி, கரணை வைக்கும் கைகள் யாருடையவை? தமிழ்நாட்டில் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களுடையவை. தஞ்சாவூர் செபஸ்தியான் பரம்பரையைப் பற்றியும், பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து தந்த பர்லாந்தைப் பற்றியும் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020இல் ஒரு நூலே எழுதினார். அதுவரை மேடையில் வாசித்தவர் பெயர் தெரிந்தது, ஆராய்ந்தவர் பெயர் தெரிந்தது. செய்தவர் பெயர் சபையில் எழவில்லை. ஒன்பது அதிர்வுகளை ஐந்து படிகளில் உட்கார வைத்தது முதலில் இவர்களுடைய கட்டைவிரல். இராமன் அதைக் கணக்காக எழுதிக் காட்டினார்.

1921இல் முதன்முறையாக இங்கிலாந்து சென்றார். இலண்டனில் புனித பவுல் பேராலயத்தின் குவிமாடத்துக்குள் ஒருவர் சுவரோரம் இரகசியமாகப் பேசினால் எதிர்ப்பக்கத்தில் காது வைத்தவருக்குக் கேட்கும். ஊரைச் சுற்றிப் பார்க்கப் போனவர் அதையும் ஆராய்ந்து கட்டுரை எழுதினார். திரும்பி வந்து பீஜப்பூர் கோல்கும்பத்தின் எதிரொலி மாடத்தையும் ஆராய்ந்தார். கப்பலில் வரும்போது கண்ட மத்தியதரைக் கடலின் நீலம்தான் அவரை ஒலியிலிருந்து ஒளிக்கு அழைத்துச் சென்றது என்பது எல்லாரும் அறிந்த கதை.

அந்த ஒளி ஆராய்ச்சியில் அவருக்கு வலக்கையாக நின்றவர் நம் மண்ணின் மைந்தர் கே. எஸ். கிருஷ்ணன். 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வத்திராயிருப்பில் பிறந்தவர். இன்று அவ்வூர் நம் விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. இருவரும் சேர்ந்து உழைத்து, 1928 பிப்ரவரி 28ஆம் நாள் இராமன் விளைவு கைகூடியது. ஒளி ஒரு திரவத்தின் மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும்போது அதில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வருகிறது. ஏன்? மூலக்கூறில் அணுக்கள் சுருள்வில்லால் கட்டப்பட்டவைபோல் ஆடிக்கொண்டிருக்கின்றன. விலக்கினால் இழுக்கும் அதே தனிச்சீரிசை ஆட்டந்தான். அவ்வாட்டத்தின் அதிர்வெண் எவ்வளவோ அவ்வளவு ஒளியின் அதிர்வெண்ணில் கூடும் அல்லது குறையும். பென்சீன் மூலக்கூறு ஒரு வகை ஆட்டத்தில் வினாடிக்குச் சுமார் 30 இலட்சம் கோடி முறை அதிர்கிறது. மிருதங்கத்தில் மணலைத் தூவி அதிர்வைக் கண்டவர், மூலக்கூறில் ஒளியைத் தூவி அதிர்வைக் கண்டார் என்றே சொல்லலாம். ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கே உரிய அதிர்வுகள் உண்டு என்பதால் இன்று இம்முறையைக் கொண்டு கண்ணாடிக் குப்பியைத் திறக்காமலே உள்ளிருப்பது வெடியுப்பா வேறொன்றா என்று கண்டுவிடுகிறார்கள்.

1930இல் வந்த நோபல் பரிசு இராமனுக்கு மட்டுமே. வத்திராயிருப்புக்காரருக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாமே என்று இவ்வட்டாரத்துப் பிள்ளைகளான எங்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. கிருஷ்ணனோ தொடர்ந்து உழைத்து, புதுதில்லியின் தேசியப் பௌதிக ஆராய்ச்சிச் சாலைக்கு முதல் இயக்குநரானார்.

1933இல் இராமன் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். பெண்கள் பள்ளி மலரில் எழுதும் நாம் இங்கே நடந்ததை மறைக்கக் கூடாது. அதே ஆண்டு பம்பாயில் பட்டம் பெற்ற கமலா பகவத் என்ற மாணவி அங்கே ஆராய்ச்சிக்கு இடம் கேட்டார். பெண் என்ற ஒரே காரணத்தால் இராமன் மறுத்துவிட்டார். கமலா திரும்பிப் போகவில்லை. நேரில் சென்று காரணம் கேட்டார். ஓராண்டு சோதனைக் காலம் என்ற நிபந்தனையோடு சேர்க்கப்பட்டார். அந்நிபந்தனை எந்த ஆணுக்கும் விதிக்கப்படாதது. வேலையால் வாயடைத்த கமலா 1939இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். கமலா சோஹோனி என்ற பெயரில் நாடறிந்தார். இராமனும் பின்னர் பெண்களைச் சேர்த்துக்கொண்டார். அவர்களுள் அன்னா மாணி 1940களில் வைரத்தையும் மாணிக்கக் கல்லையும் ஆராய்ந்து, பிற்காலத்தில் நாட்டின் வானிலைக் கருவிகளுக்கே பொறுப்பாளராக உயர்ந்தார். நோபல் பரிசு பெற்ற மேதையின் கண்ணுக்கும் ஒரு மறைவிடம் இருந்தது. அதை விலக்கியவர், விலகிப் போக மறுத்த ஒரு பெண்.

பெங்களூரிலும் அவர் ஒலியை மறக்கவில்லை. காதுக்கு எட்டாத மிகை ஒலி அலைகள் ஒரு திரவத்தின் வழியே செல்லும்போது, அதன் குறுக்கே போகும் ஒளி எவ்வாறு பல கற்றைகளாகப் பிரிகிறது என்று நாகேந்திர நாத்துடன் சேர்ந்து 1935, 1936 ஆண்டுகளில் விளக்கினார். 1948இல் தம் பெயரால் தனி ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். 1954இல் பாரத ரத்னா விருது வந்தது. கடைசி ஆண்டுகளில் மலர்களின் நிறத்தையும் கண் பார்வையையும் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார்.

1970ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் காலமானார். ஆராய்ச்சி நிலையத்துத் தோட்டத்திலேயே அவருடைய உடல் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் கல்லறையோ மண்டபமோ கிடையாது. ஒரு மரம் நிற்கிறது. லோகசுந்தரி அம்மாள் அவருக்குப் பின் பத்து ஆண்டுகள் வாழ்ந்து 1980இல் மறைந்தார்.